எனிக்கொரு அவசரம்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் தங்கை முத்து. அதுவும் நேரில் பார்த்து அல்ல, டிவியில். என் மகனின் கல்யாண வீடியோவைப் போட்டு, யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள், யார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள் என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பந்தியில் நான் பாயசத்தை டம்ளரோடு கவிழ்த்துக் குடிக்கிற இடம் வந்தது. முத்து ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினாள்.

“அக்கா, நீ முழுங்குறப்ப கழுத்துல என்னமோ ஏறி எறங்குது பாரு.”

“பாயசந்தேன் எறங்குது.”

“பாயசம் எறங்கத்தான செய்யும்? இது ஏறவும் செய்யுதே.”

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ஏறத்தான் செய்தது. நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று, நான் விழுங்கும்போதெல்லாம் மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கீழே வந்தது. கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அது ஆடியிருக்கிறது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் நகையைப் பார்த்திருப்பார்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். வாளையாரில் செக்போஸ்ட் பக்கம் எங்களுக்கு லாரி டயர் கடை இருக்கிறது. பிறந்து வளர்ந்தது ஏலப்பாறையில், தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே டீ பேக்டரியில் வேலை பார்த்தேன். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. இங்கே வந்தால் இரவும் பகலும் லாரி. அதனால் சின்னக் குரலில் பேசுவது எப்படி என்று நான் கற்றுக்கொள்ளவே இல்லை. நான் மகனுக்குப் போன் பேசினால், “துபாய்க்குப் போன் எதுக்குப் புள்ள, அப்படியே கத்துனாலே கேக்குமே,” என்பார் என் வீட்டுக்காரர்.

அந்தத் தொண்டைக்கு வந்த வியாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தைராய்டு ஆபரேஷன் என்று சொன்னதும் கை கால் ஆட உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் தைரியம் கொடுக்கட்டும். வேறொரு காரணமும் உண்டு. அது போகப் போக வரும். நான் படித்தது மலையாள மீடியம். தமிழ் நன்றாக வாசிப்பேன், எழுதினால் ரகரமும் றகரமும் சண்டை போடும். முத்துவின் மகள்தான் திருத்திக் கொடுத்தாள்.

பாலக்காட்டு டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு மலையாளப் பெண். தமிழ் நன்றாகவே பேசினார். கழுத்தில் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மெல்லிய ஊசியைக் கட்டியில் குத்தி, கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினார்கள். ஊசி வலிக்கவில்லை. ரிசல்ட் வரும் வரைக்கும் இருந்ததுதான் வலி. அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. அவரே சாம்பார் வைத்தார். அதைச் சாப்பிட்டதில் பாதி பயம் போய்விட்டது. இதற்கு மேல் என்ன வரப்போகிறது என்று தோன்றியது.

“ரிசல்ட் சந்தேகமா இருக்கு. எடுத்துட்டுப் பார்க்கறதுதான் நல்லது,” என்றார் டாக்டர். தைராய்டு என்பது குரல்வளைக்கு முன்னால் இருக்கிற சுரப்பி, பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் என்று படம் வரைந்து காட்டினார். எனக்குப் பட்டாம்பூச்சி தெரியவில்லை, இரண்டு இலையும் நடுவில் ஒரு கொழுந்தும்தான் தெரிந்தது. எஸ்டேட் புத்தி எங்கே போகும்?

அந்தச் சுரப்பிக்குப் பின்னால் நூல் கனத்தில் ஒரு நரம்பு ஓடுகிறதாம். குரலை ஆட்டிவைப்பது அதுதான். சுரப்பியை எடுக்கும்போது நரம்பை ஒதுக்கி வைப்பார்கள். அப்படி ஒதுக்கும்போது அது கொஞ்சம் சுணங்கிப் போகலாம்.

“ஏனுங்க டாக்டர், பேச்சு நின்னு போயிருமுங்களா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“நிக்காது. கொஞ்ச நாள் சத்தம் அடைச்சாலும் அடைக்கும். சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும். ரொம்ப அபூர்வமா அப்படியே நின்னுடறதும் உண்டு. பேடிக்கண்டா அம்மா.”

பயப்படாதே என்று சொன்னால்தான் பயம் வருகிறது. ஆட்டோவில் திரும்பும்போது அவர், “அப்ப எனக்குக் கொஞ்ச நாளு ரெஸ்ட்டாட்டம்,” என்றார். நான் சிரித்தேன். அவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ரூமில் நான், வீட்டுக்காரர், குமுளியிலிருந்து பஸ் ஏறி வந்த முத்து. மகன் வீடியோ காலில் வந்தான். அழாமல் பேசிக்கொண்டே வந்தவன் திடீரென்று, “அம்மா, அந்தத் திக்குவாய்க்காரனாட்டம் ஒருக்கா பேசிக் காட்டுங்கம்மா. நான் ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கறேன்,” என்றான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடுகிற நேரத்தில், என்னை ஒரு கூத்து நடத்தச் சொல்வார்கள். எனக்கு இருபது வயதில் லயத்துக்குப் பெண் கேட்டு வந்த ஒரு திக்குவாயனைப் பற்றிய கூத்து அது. அவன் பேர் சொல்லத் திணறுவான், எதையோ கேட்க வந்து எதையோ கேட்பான், கம்பத்திலிருந்து வந்த என் தாய்மாமா அவனை ஓட ஓட விரட்டுவார். இரண்டு பேர் குரலும் நான்தான். மாப்பிள்ளை வீட்டார், சம்பந்திகள், டயர் கம்பெனி ஏஜெண்டு என்று கண்ணில் தண்ணீர் வர சிரிக்காத ஆள் கிடையாது. என் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

அன்றைக்கும் செய்தேன். “பொ… பொ… பொன்னையாங்க… எனக்கு ஒரு ச… ச… ச…” மகன் அங்கே சிரித்தான், வீட்டுக்காரர் இங்கே சிரித்தார். முத்து மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பித் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. முகமூடி வைத்தார்கள், மூச்சை இழுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். முழிப்பு வந்தபோது கழுத்தில் கட்டு, அதன் ஓரத்தில் நீர் வடிய ஒரு குழாய். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. கால்சியம் குறைந்தால் அப்படி இருக்குமாம். சுரப்பியை எடுத்தவர்களில் சிலருக்கு வரும், மாத்திரையில் சரியாகும், நீங்கள் பயப்பட வேண்டாம்.

“ஏங்க” என்று கூப்பிட்டேன். காற்று வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன், டயரில் ஆணி ஏறினால் வருமே, அந்த மாதிரிக் காற்று.

“சம்சாரிக்கண்டா சேச்சி,” என்றாள் நர்ஸ். பேச வேண்டாம் என்று அர்த்தம். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு.

“சம்சாரமே வேண்டாங்கறாங்க புள்ள, நான் ஊட்டுக்குப் போகட்டுமா?” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். என்னைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார். கண் மட்டும் கலங்கி இருந்தது.

கட்டி புற்றுதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் மெதுவாக வளர்கிற வகை, வெளியே பரவவில்லை, முழுதாக எடுத்தாகிவிட்டது, இனி காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போதும் என்றார் டாக்டர். அன்றைக்கு முத்து எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கணக்குப் பார்த்தால் நான் மூன்று தடவை மொட்டை போட வேண்டும். பில்லைக் கட்ட அவர் கடையில் நின்ற பழைய ஜீப்பை விற்றது எனக்குப் பிறகுதான் தெரியும்.

உயிருக்கு ஒன்றுமில்லை. குரல்தான் வரவில்லை. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார்கள். குரல் நாண் என்று இரண்டு இருக்கிறது. இரண்டும் கதவு போலச் சேர்ந்தால்தான் சத்தம் வரும். என்னுடையதில் ஒன்று அசையாமல் நின்றது. தானாகத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

வேண்டியதை எழுதிக் காட்டச் சொன்னார்கள். இங்கேதான் வேடிக்கை. எனக்கு வேகமாக எழுத வருவது மலையாளம். என் வீட்டுக்காரர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், மலையாளத்தில் பஸ் போர்டு தாண்டி எதுவும் வாசிக்க மாட்டார். நான் எழுதுவேன், அவர் அதை எடுத்துக்கொண்டு நர்ஸ் ரூமுக்கு ஓடுவார், அவள் படித்துச் சொல்வாள், திரும்பி ஓடி வருவார். ‘கஞ்சியில் உப்பு இல்லை’ என்பது எனக்கும் அவருக்கும் இடையிலான விஷயமாக இல்லாமல் அந்த மாடி முழுவதற்கும் தெரிந்த விஷயம் ஆனது.

நான் வாயைத் திறந்து முயற்சி செய்தால் அவரே முடித்துவிடுவார். “த…” என்பேன். “தண்ணியா? தலகாணியா? தங்கச்சியக் கூப்புடோணுமா?” எனக்குத் தேவை அவர் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும் என்பது. பார்க்க வந்தவர்கள் எனக்குக் காது கேட்காது என்பது போல உரக்கப் பேசினார்கள். சிலர் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, அவர்களும் ரகசியக் குரலில் பதில் சொன்னார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அப்படி ஆட்கள் வந்திருந்த ஒரு மதியம் நான் முகம் வாடி இருந்தேன். என்னைத் தேற்ற என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். “எம் பொண்டாட்டி எப்புடிப் பேசுவான்னு கேளுங்க. இந்தக் கொரலு திரும்பி வருமா வராதா, நீங்களே சொல்லுங்க,” என்று மகன் அனுப்பியிருந்த ரெக்கார்டிங்கைப் போட்டார்.

“பொ… பொ… பொன்னையாங்க…”

என் குரல். கணீரென்று, ஒரு கீறல் இல்லாமல். என் குரலில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். வந்தவர்கள் சிரித்தார்கள். நான் கையை ஆட்டினேன். எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்து அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தாளை இழுத்து ‘அது வேண்டா’ என்று மலையாளத்தில் எழுதி நீட்டினேன். அவர் வழக்கம்போல அதை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் போய்விட்டு வரும் வரைக்கும் போன் கட்டிலில் கிடந்து பேசிக்கொண்டே இருந்தது.

“அது வேண்டாம்னு எழுதியிருக்காம். எது புள்ள வேண்டாம்? ஊசியா?”

அன்றைக்கு நான் அழுத அழுகையை எல்லோரும் நோயின் அழுகை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். முத்து மட்டும் போனை எடுத்து அணைத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

நான் கூத்தில் காட்டாத பாதி இது.

பேக்டரியில் இலை உருட்டுகிற மிஷினில் பொன்னையாவுக்கு வேலை. அடுத்த பக்கம் தூள் சலிக்கிற இடத்தில் எனக்கு. வெளியே அவன் பேச்சு திக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் பெயர் கூப்பிட்டால் அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் மேற்பார்வை பார்க்கிற கண்டக்டர் இரண்டு பெயர் தாண்டிவிடுவார். ஆனால் மிஷின் ஓடும்போது அவனுக்குத் திக்காது. அந்த இரைச்சலில் என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்துவான், தண்ணீர் ஓடுவது போல வார்த்தை வரும். பார்த்த சினிமாக் கதையெல்லாம் சொல்வான், பாட்டு இடத்தையும் விட மாட்டான். கரண்ட் போனால் மிஷின் நிற்கும், அவனும் பாதி வார்த்தையில் நிற்பான். மீதியை மறுநாள் மிஷின் ஓடும்போது கேட்டுக்கொள்வேன். கரண்ட் போகக் கூடாது என்று நான் சாமி கும்பிட்ட காலம் அது.

உயிரெழுத்தில் ஆரம்பிக்கிற வார்த்தை அவனுக்குத் தடங்கல் இல்லாமல் வரும். ஒரு வார்த்தை வராவிட்டால் வேறு வார்த்தைக்குத் தாவுவான், தமிழில் அகப்படாவிட்டால் மலையாளத்தில் எடுப்பான். எனக்கு அது பழகிப்போயிற்று. எந்த வார்த்தையிலிருந்து எந்த வார்த்தைக்குத் தாவுகிறான் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

என் அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் எது என்றாலும் கம்பத்து மாமாதான். அவர் மலை ஏறி வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னையா ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு தனியாக வந்தான். அவனுக்குக் கூட்டி வரப் பெரியவர்கள் இல்லை. வாசலில் லயமே கூடிவிட்டது.

“ஒம் பேரு என்னப்பா?” என்றார் மாமா.

“பொ… பொ… பொ…”

“பொறுமையாவே சொல்லு. எனக்குப் பஸ்ஸு சாயங்காலந்தேன்.”

வாசலில் சிரித்தார்கள். அவன் வியர்த்துப் போனான். எப்படியோ பேரைச் சொன்னான், வேலையைச் சொன்னான். எனக்கு ஒரு சான்ஸ் கொடுங்கள், இவளை நன்றாக வைத்துக்கொள்வேன் என்று சொல்லத்தான் வந்தான். “எனக்கு ஒரு ச… ச… ச…” சகரம் அவனுக்கு எமன். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தாவு, தாவு என்று மனசுக்குள் சொன்னேன். தாவினான்.

“எனிக்கொரு அவசரம் தரணும்.”

மலையாளத்தில் அவசரம் என்றால் சந்தர்ப்பம், வாய்ப்பு. எனக்கொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டான். மாமாவுக்கு மலையாளம் தெரியாது. அம்மாவுக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும். மாமா காதில் விழுந்தது தமிழ் அவசரம்.

“அவசரமா?” மாமா எழுந்துவிட்டார். “பொண்ணு கேட்டு வந்தவனுக்கு என்னடா அவசரம்?” பிறகு மெல்லத் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “ஏன்டி, என்னடி அவசரம்? சொல்லுடி!”

ஒரே ஒரு வரி சொன்னால் போதும். மாமா, மலையாளத்தில் அதற்குச் சான்ஸ் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஆனால் அதைச் சொன்னால், அவன் பேச்சு உனக்கு எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். பயந்துவிட்டேன். பயந்ததோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை.

“எனக்கென்ன தெரியும்? இந்தத் தி… தி… திக்குவாய்கிட்ட யாரு பேசுவா?” என்றேன். அவனைப் போலவே சொன்னேன். தலையை வெட்டி, கண்ணை மூடி, அவன் எப்படிச் செய்வானோ அப்படியே.

வாசல் வெடித்துச் சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். நான் தப்பித்தேன். பொன்னையா என்னைப் பார்த்தான். ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் விரட்டாமலேயே போனான். மாமா விரட்டினார் என்பது நான் பிற்பாடு கூத்துக்காகச் சேர்த்தது. அந்த மாதமே அவன் பேக்டரி வேலையை விட்டுவிட்டான். மாமாவுக்குச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. திராட்சை லாரிக்காரர்கள் மூலம் வாளையாரில் ஒரு வரன் பார்த்து அவசர அவசரமாக என்னைக் கட்டிக் கொடுத்தார். கல்யாண வீட்டில் அந்தக் கதையை மாமாவே எடுத்துவிட்டு, பேசிக் காட்டு பேச்சி என்றார். பேசிக் காட்டினேன். அன்றைக்குப் பிடித்தது, நிறுத்தவே இல்லை. சிரிப்பாக்கிவிட்டால் அது காதல் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. ஆகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு குரல் பயிற்சிக்காக வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு நாள் சீட்டு போடுகிற இடத்தில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் நின்றாள். பேர் கேட்டார்கள். “ஸ்ரீ… ஸ்ரீ…” உள்ளே இருந்தவர், “ஸ்ரீதேவியோ? ஸ்ரீலதயோ?” என்று விளையாட்டாக ஏலம் விட ஆரம்பித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளுக்காகக் கத்த என்னிடம் ஒரு குரல் இல்லை. கவுண்டரில் கையால் ஓங்கித் தட்டினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் அவள், “ஸ்ரீஜா,” என்றாள்.

பயிற்சி கொடுக்கிற பெண் அவளுக்கும் எனக்கும் ஒரே ஆள்தான். இரைச்சலில் மட்டும் திக்காமல் பேசுகிறவர்கள் உண்டா என்று கஷ்டப்பட்டுக் கேட்டேன். உண்டு என்றாள். தன் குரல் தன் காதில் விழாத இடத்தில் சிலருக்குத் தடங்கல் குறையுமாம். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். “அங்கிள், இவங்க சொல்ல வர்ற வார்த்தையை நீங்க முடிக்கக் கூடாது. தெரிஞ்சாலும் முடிக்கக் கூடாது. காத்திருக்கணும்.”

அவர் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உதடு துடிக்கும், ஆனாலும் சொல்ல மாட்டார். அவருடைய அன்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் துடிப்புதான். காற்றோடு கொஞ்சம் கரகரப்பும் சேர்ந்து வர ஆரம்பித்த ஒரு காலையில், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தை வார்த்தையாக, மூச்சு வாங்கி வாங்கி. இட்லி ஆறிப் போயிற்று. அவர் ஒரு இடத்திலும் முடிக்கவில்லை.

முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வரும், குறைந்தது வருத்தமாவது வரும் என்று நினைத்திருந்தேன்.

“நீ அவனக் கட்டியிருக்கலாம், அது வேற,” என்றார். “ஆனா இத்தன வருசம் என்னயச் சிரிக்க வெச்சுட்டியே புள்ள. நான் அந்த ஆளப் பாத்ததே இல்ல. எத்தன தடவ சிரிச்சிருக்கறேன்.”

ஆறிப்போன இட்லியை அவர் தட்டில் எடுத்து வைத்தேன்.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்க அவர் முத்துவுக்குப் போன் போட்டார். பொன்னையா அவள் இருக்கிற குமுளியில்தான் இருக்கிறான் என்று அவளுக்கு எப்போதும் தெரியும். ஆப்பிள் பை வந்த அன்று அவள் வாசலில் நின்ற சிறுமி, அந்த ஆப்பிளைத் தின்ன மாட்டேன் என்று அழுதவள். மனைவி, இரண்டு மகள்கள், பேரன் பேத்தி என்று நன்றாக இருக்கிறானாம். மிளகாயும் மசாலாவும் அரைக்கிற மில் வைத்திருக்கிறானாம். மில் என்று கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மிஷின் பக்கத்திலேயே இருந்துகொள்கிறான்.

என் வீட்டுக்காரர் நம்பரைத் தட்டி, போனை என் கையில் கொடுத்தார். “நான் கடைக்குப் போறேன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மணி அடித்தது. எடுத்ததும் பின்னால் மில் ஓடுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

“ஹலோ, சொல்லுங்க, என்ன வேணும்?” தங்கு தடையில்லாமல், வேகமாக. அதே குரல். கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

“நாந்தேன்… பேச்சி,” என்றேன். மில் சத்தத்தில் அது எங்கே கேட்கப்போகிறது?

“ஹலோ? ஆரு? சத்தமாப் பேசுங்க.”

“பேச்சி… ஏலப்பாறை…”

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. வைத்துவிட்டான் என்று நினைத்தேன். அப்போது மில் சத்தம் குறைந்தது. சக்கரம் சுற்றிச் சுற்றித் தளர்ந்து முழுதாக நின்றது. என் குரல் கேட்பதற்காக அவன் மிஷினை அணைத்துவிட்டான். மிஷின் நின்றால் அவனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே அணைத்தான்.

“பே… பே… பே… பேச்சி,” என்றான்.

அந்த ஒரு பேரைச் சொல்லி முடிக்கும் வரை நான் காத்திருந்தேன். பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் தொண்டையிலேயே கிடந்த வரி. “மலையாளத்துல… அவசரம்னா… சான்ஸுன்னு… அர்த்தம்.”

இதற்கே நான்கு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவன் நடுவில் ஒன்றும் சொல்லவில்லை.

“அது எனக்குத் தெரியுமே,” என்றான். “ஒங்க ம… ம… மாமாகிட்டல்ல சொல்லிருக்கணும்.”

மாமா செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் என்னிடம் அதே காற்றுதான் இருந்தது. தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “த…” என்றேன். மூச்சு தீர்ந்துபோயிற்று. மறுபடி “த…” அதற்கு மேல் போகவில்லை.

அது என்ன வார்த்தை என்று யாருக்கும் தெரிந்திருக்கும். அவனுக்கும் தெரியும். அவன் முடிக்கவில்லை. போனில் அவன் மூச்சு விடுவது கேட்டது.

“அவசரம் இல்ல,” என்றான். உயிரெழுத்து, திக்காமல் வந்தது.

தமிழில் கேட்டால், மெதுவாகச் சொல்லலாம் என்று அர்த்தம். மலையாளத்தில் கேட்டால், இனிமேல் வாய்ப்பு இல்லை என்று அர்த்தம். எந்தப் பாஷையிலிருந்து எந்தப் பாஷைக்குத் தாவினான் என்று ஒரு காலத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, அந்தத் தகரத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.